நாவல் முகப்பில் நகைச்சுவை அறிபுனை

சமர்ப்பணப் பக்கத்துக்கும் முதல் அத்தியாயத்துக்கும் நடுவே, பெரும்பாலும் தனித்தாளில், வேறொருவர் எழுதிய இரண்டு மூன்று வரிகள் நிற்கும். அதுதான் முகப்பு மேற்கோள். பழைய நூல்களில் காப்பும் பாயிரமும் இருந்த இடம் அது. ‘ஆயிரம் முகத்தான் அகன்றது ஆயினும் பாயிரம் இல்லது பனுவல் அன்றே’ என்று நன்னூல் கறாராகச் சொல்லிவிடுகிறது. ஆனால் பாயிரம் தான் எந்த நூலின் முன்னால் நிற்கிறதோ அந்த நூலைப் பற்றியே பேசும். முகப்பு மேற்கோள் அப்படியல்ல. வேறெதையோ சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தொடர்பைக் கண்டுபிடிக்கும் வேலை வாசகருடையது.

அந்த இடத்தில் குறளோ பாரதியோ வந்தால் வாசகருக்குப் பழக்கம். நகைச்சுவை அறிபுனை, அதாவது சிரிக்க வைக்கும் அறிவியல் புனைகதை, எழுதிய டக்ளஸ் ஆடம்ஸோ கர்ட் வானகட்டோ வந்தால் நடப்பது வேறு. புதுச்சேரியில் பிரெஞ்சு இலக்கியம் படித்தவர்களுக்குத் தெரிந்த பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஜெரார் ஜெனெட், 1987இல் வெளியிட்ட நூலில் முகப்பு மேற்கோளுக்கு நான்கு வேலைகள் என்றார்: தலைப்பை விளக்குவது, நாவலின் பொருளைச் சுட்டுவது, மேற்கோளுக்கு உரியவரின் பெயரால் கனம் சேர்ப்பது, ‘இங்கே ஒரு மேற்கோள் இருக்கிறது’ என்பதாலேயே ஓர் அந்தஸ்தைத் தருவது. நகைச்சுவை அறிபுனையை எடுப்பவர்கள் அதிகம் சறுக்குவது மூன்றாவதிலும் நான்காவதிலும். ஆடம்ஸ் பெயரைப் போட்டதும் ‘நானும் அந்தக் கூட்டம்’ என்று சொன்னதாகிவிடுகிறது; வரி என்ன சொல்கிறது என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. நல்ல மேற்கோள் கச்சேரிக்கு முன் தம்புரா மீட்டுவது போல. பாட்டு எந்தச் சுருதியில் வரப்போகிறது என்று சொன்னால் போதும். அதுவே பாட வேண்டியதில்லை.

நகைச்சுவை அறிபுனையின் சுருதி தனி. அண்டத்தையே அலுவலக மொழியில் பேசுவது அதன் குணம். 1978 மார்ச் 8 அன்று பி.பி.சி. ரேடியோ 4இல் தொடங்கி, 1979இல் நாவலாக வந்த ஆடம்ஸின் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி’ கதையில், ஆர்தர் டென்ட் என்பவரின் வீட்டை இடித்துப் புறவழிச்சாலை போட வருகிறார்கள். திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததாம். எங்கே? விளக்கும் படிக்கட்டும் போய்விட்ட நிலவறையில், யாரும் பயன்படுத்தாத கழிப்பறைக்குள், பூட்டிய கோப்பு அலமாரியின் அடித்தட்டில். கதவில் ‘சிறுத்தை ஜாக்கிரதை’ என்ற பலகை வேறு. சற்று நேரத்தில் பூமியே அண்டவெளிப் புறவழிச்சாலைக்காக இடிக்கப்படுகிறது. அந்தத் திட்டமும் 50 ஆண்டுகளாக ஆல்பா சென்டாரியில் பார்வைக்கு இருந்ததாகவே பதில் வருகிறது.

இப்போது கடலூர் மாவட்டத்துக்கு வருவோம். நெய்வேலியைச் சுற்றியுள்ள ஓர் ஊரில் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பதைப் பற்றி ஒருவர் நாவல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்திரித் தோப்பு, இரண்டு காணி நெல், கல்யாணத்துக்கு நிற்கும் பெண். 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அறிவிப்பு எங்கெல்லாம் வெளியாக வேண்டும் என்று அடுக்குகிறது: அரசிதழ், அந்தப் பகுதியில் விற்கும் இரண்டு நாளிதழ்கள், அவற்றில் ஒன்று வட்டார மொழியில், பஞ்சாயத்து அலுவலகம், கலெக்டர் அலுவலகம், தாலுகா அலுவலகம், இணையதளம். இத்தனை இடத்திலும் ஒட்டிய காகிதம், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவருக்கு எட்டாமலே போகிறது என்பதுதான் நாவலின் நடுப்பகுதி. இந்த நாவலின் முகப்பில் சிறுத்தைப் பலகை வரி நின்றால், முதல் தடவை படிக்கும்போது சிரிப்பு வரும். பெரியவர் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நிற்கும் பக்கம் வரும்போது வாசகருக்கு அந்தச் சிறுத்தை ஞாபகத்துக்கு வரும். அப்போது சிரிப்பு வராது. வாங்கிய வரி நியாயமாக வேலை செய்தது என்பதற்கு அதுவே அடையாளம்: முதல் வாசிப்பில் லேசு, புத்தகத்தை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கனம்.

இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. மூலத்தில் அது நீண்ட உரையாடல். முழுவதையும் எடுத்தால் தாள் நிரம்பிவிடும். மேற்கோள் ஒரு குட்டிக் கதையாகிவிடும். ‘பார்வைக்கு வைத்திருந்தோமே’ என்ற பதிலும் அலமாரி, கழிப்பறை, சிறுத்தை வரும் கடைசி வாக்கியமும் போதும். தமிழில் 30 சொல்லுக்குள் நிறுத்தப் பாருங்கள். மூல நூலைப் படிக்காத ஒருவரிடம் அந்த 30 சொல்லை மட்டும் கொடுங்கள். ‘இது எதைப் பற்றி?’ என்று அவர் கேட்டால் வெட்டிய இடம் தப்பு. வேறு இடத்தில் வெட்டுங்கள், அல்லது வேறு வரி தேடுங்கள். இன்னொன்று, நாவலுக்குள் எந்தப் பாத்திரமும் சிறுத்தையைப் பற்றிப் பேசவே கூடாது. பேசினால் வாசகர் தானாகக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் போய்விடும்.

கனமான நாவலுக்குத்தான் இந்த மாதிரி மேற்கோள் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. நகைச்சுவை நாவலின் முன்னால் ஆடம்ஸை நிறுத்தினால், உங்கள் முதல் பக்கம் உலகத்திலேயே நன்றாகச் சிரிக்க வைத்தவர்களில் ஒருவரோடு போட்டி போட வேண்டிவரும். வானகட் இதைத் தலைகீழாகச் செய்தார். வேற்றுக்கிரகவாசிகளும் காலப்பயணமும் கறுப்பு நகைச்சுவையும் கலந்த ‘ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்’ நாவலுக்கு (1969) அவர் வைத்தது ஒரு கிறிஸ்துமஸ் தாலாட்டு: மாடுகள் கத்துகின்றன, குழந்தை விழித்துக்கொள்கிறது, ஆனாலும் அழவில்லை. பல பக்கங்கள் கழித்து, ஒன்பதாம் அத்தியாயத்தில், குண்டுவீச்சில் அழிந்த டிரெஸ்டனில் நாயகன் பில்லி இரண்டு குதிரைகளைப் பார்க்கிறான். வாயெல்லாம் ரத்தம், குளம்பு பிளந்திருக்கிறது. போர் முழுக்க எதற்கும் அழாதவன் அங்கே அழுகிறான். தாலாட்டை ஏன் முகப்பில் வைத்தேன் என்று கதைசொல்லி அந்த இடத்தில் நேரடியாகவே சொல்லிவிடுகிறார். மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு. அந்த நாவலில் ஆசிரியரே முதல் அத்தியாயத்திலிருந்து பேசிக்கொண்டு வருகிறார். அதனால் அவர் விளக்குவது உறுத்தவில்லை. படர்க்கையில் எழுதும் நாவலில் இதைச் செய்தால் கட்டாயம் உறுத்தும்.

தேய்ந்துபோன வரிகளை விட்டுவிடுவது நல்லது. ஆடம்ஸின் கதையில் எல்லாவற்றுக்கும் பதிலாக வரும் 42 என்ற எண்ணும், கதைக்குள் வரும் வழிகாட்டி நூலின் ‘பதறாதே’ என்ற அட்டை வாசகமும் பனியனிலும் காபிக் கோப்பையிலும் ஏறிவிட்டன. கண் அவற்றின்மேல் நிற்காது. 42ஐ எடுத்தே தீர வேண்டுமென்றால் எண்ணை விட்டுவிட்டு அதன் பின்னால் இருக்கும் விஷயத்தை எடுக்கலாம். 75 லட்சம் ஆண்டு கணக்குப் போட்ட கணினி, பதில் சரி, கேள்வி என்னவென்றுதான் உங்களுக்குத் தெரியவில்லை என்கிறது. காலமெல்லாம் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் கதைக்கு அது இன்னும் பயன்படும்.

அடுத்தது சூழல். நகைச்சுவை எழுத்தில் யார், எப்போது, யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதில்தான் பாதி அர்த்தம் இருக்கிறது. ஒரு நல்ல உதாரணம் நாவலுக்கு வெளியே கிடைக்கிறது. ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006இல் கடவுள் நம்பிக்கையை மறுத்து எழுதிய நூலை ஆடம்ஸின் நினைவுக்குச் சமர்ப்பித்து, அவருடைய வரி ஒன்றையும் சேர்த்திருக்கிறார்: தோட்டம் அழகாயிருக்கிறது என்பது போதாதா, அதன் கடைசியில் தேவதைகளும் இருப்பதாக நம்ப வேண்டுமா? தனியாகப் படித்தால் பகுத்தறிவின் குரல். மூலத்தில் இது ஃபோர்ட் என்ற பாத்திரத்தின் மனதில் ஓடும் எண்ணம். கீழே தெரியும் கிரகம்தான் புராணத்தில் வரும் மக்ராதியா என்று அவனுடைய நண்பன் அடித்துச் சொல்கிறான். ஃபோர்ட் நம்ப மறுத்து இப்படி நினைக்கிறான். கடைசியில் அது மக்ராதியாவேதான். அதாவது, கதையில் சந்தேகப்பட்டவன் தோற்கிறான். மூலத்தைப் படித்த வாசகர் உங்கள் நூலுக்குள் வரும்போது இந்தத் தகவலோடுதான் வருவார். அது உங்களுக்குச் சாதகமா பாதகமா என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதனால் எடுக்கும் வரிக்கு முன்னும் பின்னும் பத்துப் பக்கமாவது படிக்காமல் எடுக்காதீர்கள்.

மேற்கோள் தொகுப்புத் தளங்களிலிருந்து வரியை எடுப்பது ஆபத்து. ஆடம்ஸின் கதை வானொலி, நாவல், 1981 தொலைக்காட்சித் தொடர், 2005 திரைப்படம் என்று பல வடிவங்களில் இருக்கிறது. ஒரே இடத்துக்கு வடிவத்துக்கு வடிவம் வாசகம் மாறும். போக நினைத்த இடத்துக்குப் போகாவிட்டாலும் போக வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தேன் என்ற பொருளில் அவர் பெயரோடு உலவும் வரியைத் தன்னம்பிக்கைச் சுவரொட்டியில் பார்த்திருப்பீர்கள். அது 1988இல் வந்த டர்க் ஜென்ட்லி நாவலைச் சேர்ந்தது. வழி தெரியாதபோது முன்னால் போகும் ஏதோ ஒரு காரைப் பின்தொடரும் துப்பறிவாளனின் உலகம் அது. அச்சுப் பிரதியைக் கையில் வைத்து, பதிப்பு, ஆண்டு, பக்க எண் குறித்துக்கொண்டு, வரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. ஆடம்ஸ் இறந்தது 2001. இங்கே 2061 முடியும்வரை. வானகட் 2007, 2067 வரை. ஜீனோ என்ற இயந்திர நாயைத் தமிழுக்குத் தந்த சுஜாதா 2008; 2068 வரை. பிரிட்டனில் கணக்கு 70 ஆண்டு. மின்னூலாக அங்கேயும் விற்பீர்கள் என்றால் ஆடம்ஸுக்கு 2071 முடிய வேண்டும். ‘இரண்டு வரிதானே’ என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனம், மதிப்புரை, ஆராய்ச்சி, செய்தி போன்றவற்றுக்கு நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. நாவலின் முகப்பில் அழகுக்கு நிற்கும் வரி அவற்றில் எதிலும் கச்சிதமாக அடங்காது. போதாக்குறைக்கு, மொழிபெயர்ப்பும் உரிமையாளரின் தனி உரிமை. ஆங்கில வரியைத் தமிழில் தருகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் சேர்த்தே அனுமதி கேட்க வேண்டும்.

கேட்கும் கடிதத்தில் இவை இருந்தால் பதில் சீக்கிரம் வரும்: எடுக்கும் வரி அப்படியே, சொல் எண்ணிக்கை, மூலப் பதிப்பும் பக்கமும், உங்கள் தமிழ் வடிவம், அதன் நேர் ஆங்கில விளக்கம், நாவலின் பெயர், பதிப்பகம், முதல் அச்சில் எத்தனை பிரதி, விலை, மின்னூல் உண்டா, எந்தெந்த நாடுகளில் விற்பனை. மூலப் பதிப்பகத்தின் அனுமதிப் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். ஆசிரியரின் உரிமையைப் பார்த்துக்கொள்ளும் முகவரிடம் அவர்கள் அனுப்பிவைப்பார்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் வர வேண்டுமென்றால் ஆகஸ்டிலாவது கடிதம் போயிருக்க வேண்டும். பதில் வராததை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மாற்று வரி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

அந்த மாற்று, அசலைவிடச் சிறப்பாகவே அமையலாம். புதுச்சேரி நாவலாசிரியருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் இருக்கிறார். 1752இல் வந்த ‘மைக்ரோமெகா’ நகைச்சுவை அறிபுனையின் முன்னோடிகளில் ஒன்று. சிரியஸ் விண்மீனைச் சேர்ந்த கிரகத்திலிருந்து 1,20,000 அடி உயர ராட்சதன் ஒருவன், சனி கிரகத்துக் ‘குள்ளன்’ ஒருவனோடு பூமிக்கு வருகிறான். குள்ளனின் உயரம் 6,000 அடி. தனக்கு 72 புலன்கள்தான் என்று அவனுக்கு மனக்குறை. ஏழாம் அத்தியாயத்தில் ஒரு தத்துவவாதி ராட்சதனிடம் சொல்கிறார்: இந்த நிமிஷம் தொப்பி போட்ட ஒரு லட்சம் பைத்தியக்காரர்கள் தலைப்பாகை கட்டிய ஒரு லட்சம் பேரைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள். எதற்காக என்று கேட்டால், உங்கள் குதிகால் அளவு சேற்றுக் குவியலுக்காக.

பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் புதுச்சேரிக்காக அடித்துக்கொண்ட காலத்தைப் பற்றிய நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைப்பது அரிது. 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். அவர்கள் நகரத்தையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். தோற்றதற்காக லாலிக்கு 1766இல் பாரீசில் மரண தண்டனை. அவருக்காக வாதாடிய வோல்தேர் 1773இல் இந்தியாவையும் லாலியையும் பற்றித் தனியாகவே எழுதினார். குதிகால் வரியை எழுதியவரே இந்த மண்ணுக்காக நடந்த சண்டையின் பின்விளைவோடும் மல்லுக்கட்டியிருக்கிறார் என்பது நாவலுக்குக் கூடுதல் பலம்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘உங்கள் குதிகால்’ என்று வெறுமனே தந்தால் வாசகர் மனிதக் குதிகாலை நினைத்துக்கொள்வார். சொல்லப்படுவதோ ஒரு லட்சத்து இருபதாயிரம் அடி உயரத்தானின் குதிகால். அதன் கீழே ஒரு ஊரே அடங்கும். இந்த அளவு தெரிந்தால்தான் வரி முழுசாக விளங்கும். எனவே பெயர் வரியிலேயே ‘சிரியஸிலிருந்து வந்த ராட்சதனிடம் ஒரு தத்துவவாதி சொன்னது’ என்று சேர்த்துவிடுங்கள். வோல்தேரின் பிரெஞ்சு மூலத்துக்கு உரிமைத் தடை இல்லை. அண்மைய ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கு உண்டு. இரு மொழியும் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்து, மொழிபெயர்த்தவர் பெயரையும் போட்டுவிடுவதே மரியாதை.

வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கையாவின் ‘சுல்தானாவின் கனவு’ இன்னொன்று. 1905இல் சென்னையிலிருந்து வந்த பெண்கள் பத்திரிகையில் ஆங்கிலத்தில் வெளியானது. சூரிய வெப்பத்தை ஆயுதமாக்கிப் போரை வென்ற பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள். பைத்தியங்களை வெளியே விட்டுவிட்டுத் தெளிந்தவர்களையா அடைத்துவைப்பீர்கள் என்று அதில் வரும் கேள்வி அப்படியே ஒரு முகப்பு வரி. ரொக்கையா இறந்தது 1932, அனுமதி வேண்டாம். அறிபுனை என்ற வகைக்குள் அடங்காவிட்டாலும், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனும் அதே சுருதிக்காரர். கடவுளிடமே பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கேட்கும் கந்தசாமிப் பிள்ளை, ஆடம்ஸின் அதிகாரிகளுக்கு மூத்தவர். அவர் எழுத்துக்கும் இப்போது தடையில்லை.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மேற்கோள் வேண்டும் என்றால் 40 வரியைக் கடன் வாங்காதீர்கள். நீங்களே ஒரு கற்பனை நூலை உண்டாக்கி அதிலிருந்து எடுங்கள். வால்டர் ஸ்காட் தம் நாவல்களுக்கு ‘பழைய நாடகம்’ என்ற பெயரில் தாமே வரி எழுதினார். அறிபுனை எழுத்தாளர் அசிமோவ், தாமே கற்பித்த அண்டக் கலைக்களஞ்சியத்தின் 116ஆம் பதிப்பிலிருந்து மேற்கோள் தந்தார். ஆடம்ஸ் தம் வழிகாட்டி நூலை அந்தக் களஞ்சியத்துக்குப் போட்டியாக நிறுத்திக் கிண்டல் செய்தார். வானகட் 1963இல் தாம் கற்பித்த ஒரு மதத்தின் வேதத்திலிருந்து முகப்பு வரி எடுத்தார். கற்பனை நூலுக்கு உங்கள் கதைசொல்லியின் குரல் வரக்கூடாது. அவர் உருக்கமாகப் பேசினால் நூல் வரண்ட அரசாணை நடையில் பேசட்டும். கதை மறைக்கும் ஒரு தகவல் ஒவ்வொரு மேற்கோளிலும் கசியட்டும். இல்லையென்றால் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து வாசகர் தாண்டிக்கொண்டு போய்விடுவார்.

கற்பனை வரியை உண்மையான ஆளின் பெயரில் மட்டும் போடாதீர்கள். நீல் கெய்மன் ‘கொராலைன்’ முகப்பில் ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் பெயரில் தந்த, தேவதைக் கதைகளைப் பற்றிய வரி, கெய்மன் தம் ஞாபகத்திலிருந்து எழுதிய சுருக்கம். இன்று அது செஸ்டர்டனின் சொல்லாகவே உலகம் சுற்றுகிறது. புதுச்சேரியின் சரித்திரத்திலேயே பெரிய பாடம் இருக்கிறது. பழம்பெரும் வேதம் என்று நம்பி வோல்தேர் பிரெஞ்சு மன்னரின் நூலகத்துக்குக் கொடுத்த ‘எஸூர் வேதம்’ 1778இல் அச்சும் ஏறியது. அது அசலல்ல என்று 1782இல் பிரெஞ்சுப் பயணி சொன்னேரா எழுதினார். புதுச்சேரி மிஷனரிகளின் வட்டாரத்தில் உருவான பிரதி அது.

அச்சு வேலையில் மூன்று விஷயம். முகப்பு மேற்கோளை வலப்பக்கத்தில் தனியாக வைத்தால் அதன் முதுகு வெறுமை. ஆக இரண்டு பக்கம். 16 பக்கம் ஒரு பாரம். நாவல் சரியாக 240 பக்கத்தில், 15 பாரத்தில் முடிந்தால் இந்த இரண்டு பக்கம் அடுத்த பாரத்துக்குத் தள்ளிவிடும். அப்போது லேஅவுட் செய்பவர் மேற்கோளைக் கொண்டுபோய்ப் பதிப்புரிமைத் தகவலுக்குக் கீழே ஒட்டிவிடுவார். டம்மி (பக்க மாதிரி) போடும்போதே இடத்தைப் பேசி முடித்துவிடுங்கள்.

உடல் எழுத்து 11 புள்ளி என்றால் மேற்கோள் 10 புள்ளி போதும். தமிழைச் சாய்வெழுத்தாக்க வேண்டாம்; கொம்பும் சுழியும் நசுங்கித் தெரியும். ஆங்கில மூலத்தையும் சேர்த்துப் போடுகிறீர்கள் என்றால் எழுத்துருவைக் கட்டாயம் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்துப் பாமினிக்கு மாற்றினால், ‘தி’ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் ‘வாந’ என்று அச்சாகும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் தமிழ் மாதிரியே இருக்கும், ப்ரூஃபில் தப்பிவிடும்.

கிண்டிலில் புத்தகம் பெரும்பாலும் முதல் அத்தியாயத்தில்தான் திறக்கும், முன்பக்கங்களைத் தாண்டிவிடும். மின்னூலுக்கு மட்டும் மேற்கோளை முதல் அத்தியாயத் தலைப்பு இருக்கும் அதே கோப்பில், தலைப்புக்கு மேலே வையுங்கள். ஒலிநூல் என்றால் வாசிப்பவரிடம் பெயர் வரியை முதலிலும் மேற்கோளை அதன் பிறகும் படிக்கச் சொல்லுங்கள். தாளில் பெயர் கீழே வரலாம். காதுக்கு அது ஒத்துவராது. யார் பேசுகிறார் என்று தெரியாமல் கேட்கும் வரி நாவலின் முதல் வாக்கியமாகவே காதில் விழும்.